தட்டு எவ்வளவு தூரம் போனது? டிஸ்க் கோல்ஃப் வீச்சை அளப்பதும் கூட்டுவதும்

கேழ்வரகு அறுத்துக் களம் சேர்த்த பிறகு எங்கள் மேட்டு நிலம் சில மாதம் சும்மா கிடக்கும். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கம், ஒரு ஏக்கர், ஏறக்குறைய சதுரம். பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட டிஸ்க் கோல்ஃப் பழக்கத்தை ஊரிலும் விடாமல் வைத்திருக்க எனக்கு அந்த நிலம்தான் மைதானம். ஒருநாள் கிழக்கு வரப்பில் நின்று மேற்கே வீசிக்கொண்டிருந்தேன். பெரியப்பா வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தார்.

“ஏன்டா, நீயே வீசற, நீயே நடந்துபோய் எடுத்துட்டு வர்ற. எதிர்ல ஒரு ஆள நிறுத்துனா என்ன?”

“இது அப்படி ஆடற ஆட்டம் இல்ல பெரிப்பா. தூரமா வீசிப் பழகறேன்.”

“எவ்வளவு தூரம் போகுது?”

“எண்பது மீட்டர் போகும்.”

பெரியப்பா தலையாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வேயர்களுக்குச் சங்கிலி பிடித்த கை. நிலத்தை ஒரு பார்வை பார்த்தார். “ஒரு ஏக்கர் சதுரமா இருந்தா ஒரு பக்கம் இருநூத்தெட்டு அடி சொச்சம். உன் தட்டு அந்த வரப்பைத் தொடவே இல்ல. எங்கிருந்துடா எண்பது மீட்டர் வந்துச்சு?”

இருநூற்றெட்டு அடி சொச்சம் என்பது 63.6 மீட்டர். என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருடமாக எல்லாரிடமும் எண்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருமுறைகூட அளந்ததில்லை. அன்று சாயங்காலம் டேப் வைத்து அளந்தபோதுதான் உண்மை நிலவரம் தெரிந்தது. அதைவிட முக்கியமாக, எதைத் திருத்தினால் தூரம் கூடும் என்பதும் அந்த அளவுகளில் இருந்துதான் தெரிய ஆரம்பித்தது. அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கோல்ஃப் போலவே ஆட்டம். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த வீச்சுகளில் கூடையில் போட்டவர் ஜெயித்தார். 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். இன்றைய சங்கிலிக் கூடையும் அவருடைய யோசனைதான். 1976-இல் பி.டி.ஜி.ஏ. என்ற சங்கத்தையும் அவரே தொடங்கினார். அவர் இறந்த பிறகு, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள் என்றால் மனுஷனுக்கு இதில் எவ்வளவு பைத்தியம் இருந்திருக்கும் பாருங்கள்.

கூடை 90 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். முதல் வீச்சு 50 மீட்டர் போனால், அடுத்த 40 மீட்டரை இன்னொரு வீச்சில் துல்லியமாகக் கடந்தாக வேண்டும். முதல் வீச்சே 80 போனால் மிச்சம் பத்து மீட்டர்தான். தூரத்துக்கு ஆசைப்படுவது இதற்காகத்தான். கொஞ்சம் வீம்பும் உண்டு, மறைக்கவில்லை.

எதை வைத்து அளப்பது?

டேப் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். கொத்தனார்களும் சர்வேயர்களும் வைத்திருக்கும் 30 மீட்டர் ஃபைபர் டேப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். இரண்டு தடவை நீட்டினால் 60 மீட்டர். தொய்வு விழாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வீச்சுக்கும் டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை. ஒரே ஒரு முறை அளந்து 30, 40, 50, 60 மீட்டரில் குச்சி நட்டுவிடுங்கள். பிறகு தட்டு எந்த இரண்டு குச்சிக்கு நடுவே விழுந்தது என்று பார்த்து மிச்சத்தைக் காலால் எட்டுப் போட்டு எண்ணிவிடலாம்.

டேப் இல்லையா? கிரிக்கெட் பிட்ச் போதும். ஸ்டம்புக்கு ஸ்டம்பு 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். பெரியப்பா பிடித்த சர்வே சங்கிலியும் 66 அடி. அதுவும் அதே 20.12 மீட்டர். அவர் சொல்லித்தான் இரண்டும் ஒரே நீளம் என்பதே எனக்கு உறைத்தது. பிட்சின் ஒரு ஸ்டம்பிலிருந்து இன்னொன்றுக்கு இயல்பான நடையில் நடந்து எட்டுகளை எண்ணுங்கள். எனக்கு 27 எட்டு வந்தது. ஆக ஒரு எட்டு முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு எட்டு ஒரு மீட்டர் என்று நினைத்துக்கொண்டு எண்ணியதில்தான் என் எண்பது மீட்டர் பிறந்தது. உழுத நிலத்தில் எட்டு இன்னும் சுருங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சொந்த நிலத்தில் வீசுபவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் மீட்டரில் எழுதியிருக்கும். சர்வே கல்லுக்குச் சர்வே கல் அளந்து வைத்த தூரம் அது. கல் பிடுங்கப்படாமல் அங்கேயே இருக்கிறதா என்பது வேறு பிரச்சினை, பங்காளிகளைக் கேட்க வேண்டும்.

செல்போன் ஆப்பில் அளக்கலாமா என்று கேட்பார்கள். நின்ற இடத்தில் ஒரு புள்ளி, தட்டு விழுந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் தூரம் சொல்லும் ஆப்கள் இருக்கின்றன. டிஸ்க் கோல்ஃபுக்கே உரிய யூடிஸ்க்கில் அந்த வசதி உண்டு. ஆனால் போனின் ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே நான்கைந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும். மாந்தோப்புக்குள் இன்னும் மோசம். 150 மீட்டர் வீசுபவருக்கு அந்தப் பிழை பெரிதில்லை. ஐம்பது மீட்டர் வீசுகிறவர் இந்த மாதம் மூன்று மீட்டர் முன்னேறியிருக்கிறாரா என்று பார்க்க அது உதவாது.

எங்கிருந்து எங்கே வரை என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆட்டத்தில் தட்டு உருண்டு, சறுக்கி, எங்கே ஓய்கிறதோ அந்த இடம்தான் கணக்கு. பயிற்சியில் நான் முதலில் தரை தொட்ட இடத்தைத்தான் குறிப்பேன். பங்குனி வெயிலில் காய்ந்த கட்டாந்தரையில் தட்டு சறுக்கிக்கொண்டே பத்து மீட்டர் போகும். மழைக்குப் பிறகு விழுந்த இடத்திலேயே குத்தி நிற்கும். அதை என் கைத்திறன் கணக்கில் சேர்க்க முடியுமா? எதை எடுத்தாலும் எப்போதும் அதையே எடுங்கள், போதும்.

பத்து வீச்சு, ஒரு நடு எண்

அன்று நான் வீசிய பத்து வீச்சு இவை: 44, 47, 52, 49, 38, 55, 51, 48, 67, 50. எல்லாம் மீட்டர்.

இதில் “உன் தூரம் எவ்வளவு?” என்று கேட்டால் மனசு 67 என்றுதான் சொல்லும். அந்த ஒரு வீச்சின்போது பின்னாலிருந்து காற்று ஒரு தள்ளு தள்ளியது. வரப்பைத் தாண்டிப் போய்ப் பக்கத்து நிலத்தில் விழுந்தது. இன்னொரு முறை அது வராது. 38-ஐயும் விடுங்கள், கை வழுக்கியது. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் ஐந்தாவது 49, ஆறாவது 50. இரண்டுக்கும் நடுவே 49.5. அதுதான் என் தூரம். சராசரி எடுத்தாலும் 50.1 வரும், பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஒரே ஒரு அதிர்ஷ்ட வீச்சு சராசரியைத் தூக்கிவிடும், நடு எண்ணை அசைக்காது. அதனால் எனக்கு நடு எண்தான் பிடிக்கும்.

நம் பக்கம் எருது விடும் விழா பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வாடியிலிருந்து எருது சீறிக்கொண்டு வரும்போது கூட்டம் எவ்வளவு விசிலடித்தாலும் பரிசு யாருக்கு என்பதைக் கையில் கடிகாரம் வைத்திருப்பவர்தான் சொல்வார். வினாடிக்கு அடுத்த புள்ளிகள் வரை பார்ப்பார்கள்.

காற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூரத்தில் உலக சாதனை 338 மீட்டர். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், பிரிம் என்ற இடத்தில் 2016 மார்ச்சில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் வீசியது. எங்கள் நிலம் மாதிரி ஐந்து ஏக்கரை வரிசையாக வைத்தாலும் தாண்டிவிடும். ஆனால் அது வேண்டுமென்றே பலத்த பின்காற்றுள்ள இடத்தைத் தேடிப்போய் வீசியது. காற்றில்லாத சமதரையில் முன்னணி ஆட்டக்காரர்கள் வீசுவது 120 முதல் 150 மீட்டர் வாக்கில்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம். 170 கிராம் தட்டு பறந்ததில் என்ன பெருமை? அளக்கும் நாளில் காற்று இருந்தால் ஐந்து வீச்சு இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம் வீசுங்கள். முழுக்கச் சரியாகிவிடாது, ஆனால் ஏமாற்றம் குறையும். காலை ஆறரை மணி இன்னும் நல்லது.

தூரம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும்

49.5 என்று தெரிந்துவிட்டது. சரி, அடுத்து என்ன? பெரும்பாலானோர் இங்கே “இன்னும் பலமாக வீச வேண்டும்” என்று கிளம்பிவிடுவார்கள். நானும் கிளம்பினேன், இரண்டு வாரத்தில் முழங்கை வலிதான் மிச்சம். தட்டு கையை விட்டுக் கிளம்பும் வேகத்தை அளந்த பிறகுதான் என் பலத்தில் குறையே இல்லை என்பது தெரிந்தது.

வேகம் அளக்க ரேடார் தேவையில்லை. இப்போதைய போன்கள் பலவற்றில் வினாடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருக்கிறது. வீசும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு குச்சி, அதிலிருந்து சரியாக 5 மீட்டரில் இன்னொரு குச்சி. போனைப் பக்கவாட்டில் எட்டுப் பத்து மீட்டர் தள்ளி, இரண்டு குச்சியும் தெரியும்படி வையுங்கள். வீசிய பிறகு வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளி, முதல் குச்சியைத் தாண்டியதிலிருந்து இரண்டாவதைத் தாண்டும் வரை எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுங்கள். எனக்கு 60 வந்தது. 240-இல் 60 என்பது கால் வினாடி. கால் வினாடியில் 5 மீட்டர் என்றால் வினாடிக்கு 20 மீட்டர், 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 72 கிலோமீட்டர். 54 ஃப்ரேம் வந்தால் 80 கிலோமீட்டர், 48 என்றால் 90.

ஒரு எச்சரிக்கை. தட்டு குச்சிகள் நிற்கும் கோட்டின் மேலேயே போக வேண்டும். குச்சியைவிடப் போனுக்கு நெருக்கமாகப் போனால் குறைந்த ஃப்ரேமில் கடந்துவிட்டது போலத் தெரியும். வேகம் பொய்யாகக் கூடிவிடும். மறுபடியும் எண்பது மீட்டர் கதைதான்.

இந்த வேகத்துக்கு இவ்வளவு தூரம் என்று ஆட்டக்காரர்களிடையே ஒரு தோராயக் கணக்கு உண்டு. கோணமும் சுழற்சியும் நன்றாக அமைந்த வீச்சில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம் சுமார் 70 மீட்டர் கொண்டுபோகும். 80 கிலோமீட்டருக்குத் தொண்ணூறு சொச்சம். 97 கிலோமீட்டருக்கு 120 பக்கம். அப்படிப் பார்த்தால் என் 72 கிலோமீட்டருக்கு எண்பது மீட்டராவது போயிருக்க வேண்டும். போனது ஐம்பது. முப்பது மீட்டர் எங்கேயோ கொட்டிப்போகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்தும் கடைமடைக்குச் சேரவில்லை என்றால் மோட்டாரைப் பெரிதாக்குவோமா, உடைப்பைத் தேடுவோமா?

உங்களுக்கு இதே கணக்கு வேறுமாதிரி வரலாம். வேகம் 55 கிலோமீட்டர், தூரமும் ஐம்பத்தைந்து மீட்டர் என்றால் உங்கள் கோணம் நன்றாகவே இருக்கிறது. வேகத்தைத்தான் கூட்ட வேண்டும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யாரிடமும் யோசனை கேட்காதீர்கள். கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

மூக்கு

நம் ஊரில் மூக்கு என்றதும் கிளிமூக்கு மாங்காய்தான் ஞாபகம் வரும். டிஸ்க்குக்கும் ஒரு மூக்கு உண்டு: பறக்கும்போது முன்னால் போகும் விளிம்பு. அது காற்றைச் சந்திக்கும் கோணம்தான் புதியவர்களின் தூரத்தை விழுங்கும் முதல் திருடன்.

தர்மபுரிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டுவதாகக் கற்பனை செய்யுங்கள். கற்பனை மட்டும், கரம் சிரம் புறம் நீட்டாதீர் என்று எழுதியிருக்கிறது. உள்ளங்கையைத் தரைக்குச் சமமாக வைத்தால் கை காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். முன்னால் இருக்கும் கட்டைவிரல் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் கை சட்டென்று மேலே எழும். கூடவே பின்னாலும் தள்ளப்படும். தட்டுக்கும் இதேதான். மூக்கு தூக்கியிருந்தால் முதலில் ஜோராக மேலே ஏறும், பார்க்க அழகாக இருக்கும். ஏற ஏற வேகத்தை இழந்து, உச்சியில் ஒரு கணம் நின்று, இடது பக்கம் சரிந்து விழும். என்னுடைய பத்து வீச்சில் ஏழு அப்படித்தான் விழுந்தன.

அது ஏன் இடது பக்கம்? வலது கையால் உள்ளிருந்து வெளியே வீசும் பேக்ஹேண்ட் வீச்சில், மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகார முள் திசையில் சுழலும். வேகம் குறையும்போது காற்று அதன் மூக்கை மேலே தள்ளப் பார்க்கும். ஆனால் சுழலும் பொருள் தள்ளிய பக்கம் சாயாது. அதற்குக் குறுக்காகச் சாயும். பம்பரம் தலை சாய்ந்தாலும் பொத்தென்று விழாமல் வட்டமடிப்பது இதனால்தான். மூக்கைத் தூக்கும் தள்ளல் இந்த முறையில் இடது சாய்வாக மாறுகிறது. இடது கைக்காரர்களுக்கு எல்லாம் வலமாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இதில் எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மூக்குக் கோணத்தைத் தரையை வைத்துப் பார்க்கக் கூடாது, தட்டு போகும் பாதையை வைத்துப் பார்க்க வேண்டும். தூரமாக வீசத் தட்டை மேல்நோக்கித்தான் அனுப்ப வேண்டும், சுமார் பத்து டிகிரி. பாதை பத்து டிகிரி ஏறுகிறது, தட்டு எட்டு டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்றால் தரையிலிருந்து பார்ப்பவருக்கு மூக்கு தூக்கியது போலத் தெரியும். பாதையைப் பொறுத்தவரை அது இரண்டு டிகிரி தாழ்ந்துதான் இருக்கிறது. அதுவே நமக்கு வேண்டியது. கல்லை எறிவதற்குப் பள்ளியில் சொல்லித்தந்த 45 டிகிரியை மறந்துவிடுங்கள். கல்லுக்கு இறக்கை கிடையாது. ஐம்பது அறுபது மீட்டர் வீசுகிறவரின் தட்டு தென்னை உயரத்துக்குப் போனால் அது வீண் உயரம்.

மூக்கு தூக்குகிறதா என்று கண்டுபிடிக்க, போனைப் பின்னால் தோள் உயரத்தில் வைத்து, மேலே அனுப்பாமல் தரைக்குச் சமமாக ஒரு வீச்சு வீசி வீடியோ எடுங்கள். கையை விட்ட உடனே, தட்டு இன்னும் போனின் உயரத்தில் இருக்கும்போது நிறுத்திப் பாருங்கள். தட்டின் மேல்பக்கம் தெரிந்தால் மூக்கு தூக்கியிருக்கிறது. விளிம்பு மட்டும், அல்லது அடிப்பக்கம் லேசாகத் தெரிந்தால் சரி.

திருத்துவது எப்படி? நாம் சின்ன வயதிலிருந்தே தட்டை நீட்டிப் பழகியது குழம்பு சிந்தாமல் இருக்க. மணிக்கட்டு தானாகவே மேல்நோக்கி நிமிரும். டிஸ்க்கில் அதற்கு நேர் எதிர். சுத்தியலை ஆணி மேல் இறக்கும்போது மணிக்கட்டு கட்டைவிரல் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி இறங்குமே, அந்த நிலையில் மணிக்கட்டைப் பூட்டிப் பிடிக்க வேண்டும். பிடிக்கும்போதே அப்படிப் பிடித்துவிட வேண்டும். வீச்சின் நடுவில் திருத்த நேரமில்லை. இரண்டாவது காரணம் உடம்பு. மேலே அனுப்பும் ஆசையில் பின்பக்கம் சாய்ந்து வீசினால் தோளோடு தட்டும் மல்லாந்துவிடும். எடை முன்காலில் இறங்கிய பிறகே தட்டு கையை விட வேண்டும்.

இது ஒன்றை மட்டும் மூன்று வாரம் பழகினேன். பலத்தில் எந்த மாற்றமும் இல்லை. வேகத்தை மறுபடி அளந்தபோதும் அதே 60, 61 ஃப்ரேம். நடு எண் 49.5-இலிருந்து 61 ஆனது.

வேகம் எங்கிருந்து வருகிறது?

கையிலிருந்து என்றுதான் தோன்றும். சோளக்காட்டுப் பரணில் நின்று கவண் சுழற்றியவர்களைக் கேளுங்கள். கிளியை விரட்டும் கல்லின் வேகம் கடைசி நொடியில், கயிறு விடுபடும் இடத்தில்தான் பிறக்கும். ஆரம்பத்திலேயே முறுக்கினால் கல் பக்கத்துக் காட்டில் விழும். டிஸ்க்கிலும் மெதுவாகத் தொடங்கி, கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வேகம் ஏற வேண்டும். தட்டு மார்பின் நடுவைத் தாண்டும் வரை அவசரமே வேண்டாம்.

முன்கால் இதில் பிரேக். அதே தர்மபுரி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள், டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார். கால் நிற்கிறது, மேல் உடம்பு முன்னால் பாய்கிறது. முன்காலை உறுதியாக ஊன்றியதும் இடுப்பும் தோளும் அப்படித்தான் சுழன்று வர வேண்டும். முன்கால் முழங்கால் வளைந்து உடம்பு வழிந்துகொண்டே போனால் அந்த உதை கிடைக்காது.

கை போகும் பாதைக்கு மாந்தோப்புக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு அசைவு இருக்கிறது: பவர் ஸ்ப்ரேயரின் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வது. முழங்கை முதலில் வரும், கயிறு உடம்பை ஒட்டி நேர்கோட்டில் வரும், முடிவில் ஒரு வெடுக். யாரும் கயிற்றை வட்டமாகச் சுற்றி இழுப்பதில்லை. புதியவர்கள் தட்டை மார்போடு அணைத்து வட்டமாகச் சுற்றிக் கொண்டுவருவார்கள். முழங்கை பின்தங்கிவிடும், வேகமும் திசையும் இரண்டும் போகும். மேல்கைக்கும் மார்புக்கும் நடுவே இடைவெளி சுருங்காமல் பார்த்துக்கொண்டாலே பாதி சரியாகிவிடும்.

இதையெல்லாம் நின்ற இடத்திலிருந்து பழகுங்கள். ஓடிவந்து வீசும் நடை பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் நன்றாக வீசத் தெரிந்தவருக்கே தூரத்தின் பெரும்பங்கு நின்ற வீச்சிலேயே வந்துவிடும். நடையை முதலிலேயே சேர்த்தால் எது தப்பு என்றே கண்டுபிடிக்க முடியாது.

எந்தத் தட்டு?

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி. டிஸ்க் கோல்ஃப் தட்டுகளின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். முதலாவது எவ்வளவு வேகத்தில் வீச வேண்டிய தட்டு என்பது, 1 முதல் 15 வரை. இரண்டாவது மிதப்பு. மூன்றாவது வேகமாகப் போகும்போது எவ்வளவு வலது பக்கம் திரும்பும் என்பது. நான்காவது கடைசியில் எவ்வளவு இடது பக்கம் சரியும் என்பது. 12, 13 என்று எழுதிய மெல்லிய விளிம்புத் தட்டுதான் தூரம் போகும் என்று நினைத்து வாங்குவார்கள். அந்த வேகத்தை உங்கள் கை கொடுக்காவிட்டால் அது தன் குணத்தைக் காட்டாமலேயே இடது பக்கம் விழுந்துவிடும். 72 கிலோமீட்டர் வீசும் எனக்கு 13-ஐவிட 7 அதிக தூரம் போகிறது, அளந்துதான் சொல்கிறேன். ஆரம்பத்துக்கு 5-இலிருந்து 7 வரை, எடை 150 முதல் 165 கிராம் வரை பாருங்கள்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால், சென்னை, பெங்களூர்ப் பசங்கள் அல்டிமேட் என்ற அணி ஆட்டத்துக்கு வைத்திருக்கும் 175 கிராம் பெரிய தட்டு போதும். தூரம் குறைவாகத்தான் போகும். ஆனால் வீச்சில் சின்னத் தள்ளாட்டம் இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். பழக அது நல்லது.

ஓசூர் நண்பர் ஒருவர் தன் ஊரில் வீசினால் தட்டு வேறுமாதிரி நடந்துகொள்கிறது என்பார். ஓசூர் நம்மைவிடச் சில நூறு மீட்டர் உயரம். காற்று மூன்று நான்கு சதவீதம் லேசாக இருக்கும். தட்டு சற்றுச் சீக்கிரம் இடது பக்கம் சரியலாம். மற்றபடி அவர் சொல்லும் இருபது மீட்டர் வித்தியாசத்துக்கு உயரம் காரணமில்லை. அவரிடம் டேப் இல்லை.

ஒரு நாளில் முழு பலத்தில் முப்பது நாற்பது வீச்சுக்கு மேல் வேண்டாம். முதல் பத்தைப் பாதி பலத்தில் வீசி உடம்பைச் சூடாக்குங்கள். முழங்கை உள்பக்கமோ தோளோ வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். முன்னால் ஆளோ ஆடோ இருந்தால் வீசவே வேண்டாம், திடீரென்று யாராவது குறுக்கே வந்தால் வெளிநாட்டில் “ஃபோர்!” என்று கத்துவார்கள். நான் “ஏய், தட்டு!” என்று கத்துகிறேன். நாய்கள் மட்டும் அதை அழைப்பு என்று எடுத்துக்கொள்கின்றன. வேலிகாத்தானுக்குள் போன தட்டை எடுக்கும் வித்தை இன்னும் எனக்குக் கைவரவில்லை.

ஒரு நோட்டில் தேதி, காற்று எப்படி, பத்து வீச்சு, நடு எண், ஃப்ரேம் எண்ணிக்கை என்று எழுதி வைக்கிறேன். மாதம் இரண்டு முறை அளந்தால் போதும்; தினமும் அளந்தால் தட்டைப் பார்க்காமல் குச்சியைப் பார்த்து வீச ஆரம்பித்துவிடுவோம். போன மாதக் கடைசியில் 57 ஃப்ரேம், நடு எண் 66.

அன்றைக்குப் பெரியப்பாவும் வேப்பமரத்தடியில்தான் இருந்தார். பத்தில் ஆறு தட்டு மேற்கு வரப்பைத் தாண்டிப் பக்கத்து நிலத்தில் கிடந்தன. “எண்பதா?” என்றார். “அறுபத்தாறு” என்றேன். எழுந்து போய் வரப்பு ஓரத்துக் கல்லிலிருந்து காலால் எட்டுப் போட்டுக் கடைசித் தட்டு வரைக்கும் எண்ணினார். திரும்பி வந்து, “அடுத்த வாரம் உழவு ஓட்டணும், பள்ளிக்கூடத்து கிரவுண்டுக்குப் போயிடு” என்றார்.